நிறுத்தினால் நிற்கிறதா

தம்பி கடைக்குள் நுழைந்தபோது அவன் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. மழை மூட்டத்தில் அது துணியைத் தாண்டித் தெரிந்தது. அக்கா ஈயம் பற்றவைக்கிற சால்டர் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு அந்தப் பொட்டையே பார்த்தாள்.

"எரியவிட்டபடியேவா தூக்கிட்டு வந்தே?"

"பேட்டரி போட்டிருக்கேன்."

"நிறுத்திட்டுக் கொண்டு வர்றதுக்கு என்னடா?"

வழியெல்லாம் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வந்திருக்கிறான். இப்போதும் முனகல் நிற்கவில்லை. பையை மேசைமேல் வைத்து, பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை எடுத்தான். காலால் மிதிக்கிற பெட்டி. ஒரு கைக்கு அடங்கும் இரும்பு, மேலே மூன்று குமிழ், பெயிண்ட் உதிர்ந்து பாதி இரும்பாகவே நின்றது. கிதாரிலிருந்து போகிற சுரத்தை ஒரு நொடி பிடித்துவைத்துக்கொண்டு, பின்னாலிருந்து திரும்ப அனுப்பும். ஒன்று வாசித்தால் நாலாகக் கேட்கும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கலாக. எக்கோ பெட்டி என்பார்கள். இவனைவிட வயதில் மூத்தது.

"பெட்டில விசில் கேக்குதுன்னியே, இன்னும் இருக்கா?" என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"இருக்கு."

பஞ்சர் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒற்றைக் கதவு போட்ட ரிப்பேர் கடை அது. சுவரோடு சுவராக ஆம்பிளிஃபையர்கள், வாய் கிழிந்த ஸ்பீக்கர்கள், மூலையில் செத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒரு குவியல். மழை ஈரமும் சால்டர் புகையும் சேர்ந்த வாடை. தெருவில் அவளுக்குச் சால்டரம்மா என்று பெயர். ஒலியை அலையாக வரைந்து காட்டுகிற கருவி ஒன்று அலமாரி மேல் கிடந்தது. அதன் திரை இருண்டு எத்தனையோ காலமாகியும் அவள் அதை இறக்கிப் பார்க்கவில்லை. காது இருக்கும்போது கண் எதற்கு என்பாள். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து, அதன் வாயிலேயே காதை ஒட்டி, எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பினதில்லை.

"உக்காரு. டீ சொல்லவா?"

"வேணாம்."

"காலைல என்ன சாப்பிட்டே?"

"ரொட்டி."

பொய். அம்மா போனில் சொல்லிவிட்டாள். ரொட்டி தட்டிலேயே காய்ந்து கிடந்ததாம்.

பெட்டியை மேசை ஆம்பிளிஃபையரில் மாட்டினாள். ஸ்பீக்கர் மெல்ல இரைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தாள். மழைத் தூறல்போல ஒரு சலசலப்பு. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றுமே இல்லை.

"இருக்கா?"

"இருக்கு. உனக்குக் கேக்கலையா?"

"ஒயர்ல ஏதாவது இருக்கும். பாக்கலாம்."

ஒயரை மாற்றினாள். இருக்கா? இருக்கு. பேட்டரியைக் கழற்றாமலே அடாப்டரைச் செருகினாள். இருக்கா? இருக்கு. அடிமூடியைத் திறந்து மரக்குச்சியால் பாகம் பாகமாகத் தட்டினாள். எங்காவது சால்டர் விட்டிருந்தால் கரகரப்பு வரும். வரவில்லை. சந்தேகப்பட்ட இடங்களில் மறுபடி ஈயம் வைத்தாள். பெட்டி உயிரோடு இருக்கும்போது சால்டர் வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். உள்ளே இருக்கிற சிப் ஒன்று போனால் போனதுதான், இப்போது யாரும் செய்வதில்லை. தெரிந்தும் அவள் கை ஒயரைப் பிடுங்கப் போகவில்லை. அவனும் பிடுங்கு என்று சொல்லவில்லை.

"இருக்கா?"

"இருக்குக்கா."

போனதடவையும் விசிலில்தான் தொடங்கியது. எங்கோ யாரோ மெலிசாக விசில் அடிக்கிறார்கள் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் விசில் பேச ஆரம்பித்தது. மின்விசிறியும் குழாயும் பேசின. சாப்பாடு வேண்டாம் என்றான், தூக்கம் வேண்டாம் என்றான், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தான். கிதார் கம்பி வாங்கப் போகலாம் வா என்று அவளும் அவள் புருஷனும் வேனில் ஏற்றி, மனநல ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவன் கத்தவில்லை. அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் அவள் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. தேறி வந்தபின் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து சொன்னான்: "இன்னொரு தடவை வந்தா சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போக்கா. நானே வருவேன். பொய் சொல்லி மட்டும் ஏத்தாதே." சரி என்று கையில் அடித்துச் சொன்னாள்.

இன்றைக்கும் வேன் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கடைக்கு வருவதாக அவள் புருஷன் சொல்லியிருந்தான். சிப் வாங்கப் போறோம்னு சொல்லி வை, மிச்சத்தை நான் பாத்துக்கறேன் என்றான். அவளும் தலையாட்டி, போனில் தம்பியிடம் அப்படியே சொல்லியும் வைத்திருந்தாள்.

போன் அடித்தது. அம்மா. அவள் வாசலுக்குப் போய், கூரைத் தண்ணீர் காலில் தெறிக்க, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"வந்துட்டானாடி?"

"வந்துட்டான்."

"லைட்டு எரியுதா? விடிய விடிய எரியுது அந்தக் கொள்ளிக்கண்ணு. அணைடா ராசான்னேன், கையைப் புடிச்சுத் தள்ளறான். எம்புள்ள என்னைத் தள்ளறவனாடி? ரூமை விட்டு வெளிய வந்தா குழாயத் தொறந்து விடறான், ஃபேனப் போடறான், வீட்டுல ஒரு நிமிஷம் சத்தமில்லாம இருக்க விடமாட்டேங்கிறான்."

"எனக்குத் தெரியும்மா."

"உனக்குக் கேட்டுச்சா அந்த விசிலு?"

அவள் சுவரின் ஈரத்தை விரலால் வழித்தாள்.

"எனக்குத்தான் வயசாச்சு, நாள்பூரா வேன் ஓட்டற மாப்ளைக்கும் கேக்கல. ஊருக்கே கேக்காதது இவன் ஒருத்தனுக்குக் கேட்டா…" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சீக்கிரம் அனுப்பிடுடி. போனதடவை மாதிரி முத்த விட்டுட வேணாம்."

உள்ளே வந்தபோது அவன் டிரான்ஸ்ஃபார்மர் குவியலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மூலையில் ஒன்றுமில்லை. அவன் கண்ணை அங்கிருந்து திருப்ப எதையாவது சொல்லவேண்டும் என்று சொன்னாள்:

"என்ன மழை பாரு. இத்தனைக்கும் இந்த வருஷம் ஒரு சுவர்க்கோழிகூடக் கத்தல. போன மழைக்கெல்லாம் அந்தப் பூச்சிங்க கத்தல்ல கடைக்குள்ள ஒக்கார முடியாது."

அவன் சட்டென்று அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டான். முனகல் கொஞ்சம் உரத்தது.

ஏன் இப்படிப் பார்க்கிறான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளும்தான் அரண்டுபோயிருந்தாள். யார் கண்ணுக்கு எது பேய் என்று அந்த நேரத்தில் யார் சொல்ல முடியும்?

அப்போதுதான் மைக்செட்காரர் வந்தார். தலையில் சாக்கு, கையில் ஆம்பிளிஃபையர், வாயில் எப்போதும்போல் சத்தம்.

"சால்டரம்மா! இந்தச் சனியன் என் மானத்தை வாங்கிட்டான். மேடையில பெரிய மனுஷன் பேசறார், இவன் பின்னாலேயே உம்முனு உறுமறான். அவர் பேச்சைவிட இவன் பேச்சு நல்லாருக்குன்னு ஜனம் கை தட்டுது."

"வெச்சுட்டுப் போங்கண்ணே. நாளைக்குப் பாக்கறேன்."

"என்ன தம்பி, எப்படி இருக்கே? வாசிக்கிறியா? ஆளே எளைச்சுட்டியே. வீட்டுல சோத்தையும் எக்கோ வெச்சுத்தான் போடறாங்களா? ஒரு கவளத்தைக் காட்டிட்டு நாலு கவளம்ங்கிறாங்களா?"

தம்பி சிரிக்க முயன்றான். அவர் பொருட்படுத்தவில்லை.

"எனக்கென்ன, எது உறுமினாலும் சரிதான். ஸ்பீக்கர் வாயிலேயே குடித்தனம் பண்ணி ரெண்டு காதும் பாதி அவிஞ்சு போச்சு. வீட்டுக்காரி திட்டறதுல பாதிதான் வந்து சேருது. அதனாலதான் இன்னும் குடும்பம் ஓடுது."

அவள் ஆம்பிளிஃபையரை வாங்கி ஓரமாக வைத்தாள். கை தன்பாட்டில் சாக்பீஸை எடுத்தது. வாயும் தன்பாட்டில் கேட்டது, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கிற கேள்வியை.

"நிறுத்தினா நிக்குதாண்ணே?"

"நின்னுடுது. சுவிட்சை அமுக்கினதும் கப்சிப்."

"அப்ப உள்ளதான் இருக்கு கோளாறு."

அவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு கடைக்குள் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. தம்பியின் முனகல் நின்றிருந்தது.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. ஆம்பிளிஃபையர் மேல் சாக்பீஸால் மைக்செட் என்று எழுதினாள். எழுதின எழுத்தின் மேலேயே மறுபடி எழுதினாள்.

"எல்லார்கிட்டயும் கேக்கறே. எங்கிட்ட ஏன் கேக்கல?"

"என்னத்தை?"

"நிறுத்தினா நிக்குதான்னு."

சாக்பீஸ் உடைந்து உருண்டு மேசைக்கடியில் போயிற்று. அதை எடுக்கக் குனிகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. குனியவில்லை.

"பயமா இருந்துச்சுடா."

"எனக்கும் அதான்," என்றான். "அதனாலதான் நிறுத்தல. நிறுத்தி, அப்புறமும் கேட்டா? அப்ப அது பெட்டில இல்ல, எங்கிட்ட இருக்குன்னு ஆயிடும். எரிஞ்சுகிட்டே இருந்தா பெட்டிதான்னு நெனச்சுக்கலாம். வெளிய வந்தா எதையாவது பாடிக்கறேன், குழாயத் தொறந்துக்கறேன். சத்தமில்லாத எடத்துக்கே போறதில்ல."

அவள் முக்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். பஞ்சர் கடையில் எவனோ டயரைத் தரையில் போட்டான். அந்த அதிர்வில் மேசைமேல் திருகாணி டப்பா கிணுகிணுத்தது. சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. பெட்டி என்னவோ ஆகட்டும், இதைச் சொல்லிவிடவேண்டும்.

"உங்க மாமா வேனை எடுத்துக்கிட்டு வர்றாரு. சிப் வாங்கறதுக்கு இல்ல."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா காலைல என் சட்டையெல்லாம் மடிச்சு, துண்டோட ஒரு பைல போட்டுட்டிருந்தாங்க. சிப் வாங்கப் போறவனுக்குத் துண்டு எதுக்கு?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"வர்றேன்க்கா. ஓடிட மாட்டேன். அதுக்கு முன்னாடி நிறுத்திப் பாத்துடு. நீ இருக்கும்போதே பாத்துடலாம். தனியா என்னால முடியல."

அவள் விரல்களை மேசையின் இரும்பு விளிம்பில் ஒருமுறை தொட்டாள். பெட்டியைத் தொடுமுன் உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிடுகிற பழக்கம். அடாப்டரைப் பிடுங்கினாள். பேட்டரியை உருவினாள். ஸ்பீக்கர் 'டப்' என்றது. சிவப்புப் பொட்டு மங்கி, ஒரு மூச்சு நின்று, அணைந்தது.

தம்பி கண்ணை இறுக மூடியிருந்தான். கழுத்து நரம்பு துடித்தது. மழை. மழைக்குப் பின்னால் தையல் மெஷின். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சு," என்றான்.

அவள் மூச்சை விடுவதற்குள் கண்ணைத் திறந்தான். அதில் சந்தோஷம் இல்லை.

"இல்லக்கா. இது செல்லாது. நீ புடுங்கினது எனக்குத் தெரியும். டப்புன்னு சத்தம் வேற. நிக்கணும்னு ஆசைப்பட்டதால நின்னிருக்கும். போனதடவையும் சில நாள் அப்படி நின்னுச்சு." நாற்காலியோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாம பண்ணு. டப்புன்னு சத்தம் வராம பண்ணு. நானா சொல்றேனா பாப்போம்."

சத்தம் வராமல் எப்படிச் செய்வது? மறுபடி மின்சாரம் கொடுத்தாள். பொட்டு எரிந்தது. திறந்த பெட்டியை உற்றுப் பார்த்தாள். முதல் தடவையாக, பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மெக்கானிக்காகப் பார்த்தாள். தம்பி சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பெட்டி எங்கேயிருந்து விசில் அடிக்க முடியும்?

நடுவில் அந்த நீளமான சிப். தீப்பிடித்த வீட்டுக்கு ஜனங்கள் வரிசையாக நின்று வாளி மாற்றுவதுபோல், சுரத்தைக் கைக்குக் கை கடத்துவது அதன் வேலை. மாத்து, மாத்து என்று அதற்குத் தாளம் போட இன்னொரு சிப். தாளம் வேகமாக இருந்தால் சுரம் உடனே திரும்பும். மெதுவாக்கினால் தாமதமாகத் திரும்பும். ரொம்ப மெதுவாக்கினால் அந்தத் தாளமே சத்தமாகி வெளியே வந்துவிடும்.

விசிலாக.

தாளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு. அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சு. திருகு நகராமலிருக்க மெக்கானிக்குகள் வைக்கிற பொட்டு அது. அவளே வைத்தது. போனமாதம் தம்பி, இன்னும் கொஞ்சம் லேட்டா திரும்பினா நல்லாருக்கும்க்கா என்று கேட்டான். விசில் வந்தால் நிறுத்திவிடலாம் என்று காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு திருகினாள். விசில் வரவில்லை, இன்னும் திருகினாள். வரவில்லை, இன்னும் கொஞ்சம். பிறகு பொட்டு வைத்து மூடினாள்.

பூச்சைக் கத்தி முனையால் சுரண்டினாள். திருப்புளியை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகினாள். அவளுக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை.

"மேல போகுது," என்றான் சுவரைப் பார்த்தபடி. "மெலிசாகுது. இன்னும் மெலிசு. ஊசி மாதிரி இருக்கு… போயிடுச்சு."

எதிர்ப்பக்கம் திருகினாள்.

"வந்துடுச்சு."

திருப்புளியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சும்மா இருந்துகொண்டே, "இப்போ?" என்றாள்.

"அப்படியேதான் இருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

மறுபடி திருகினாள். மறுபடி சரியாகச் சொன்னான். எத்தனை விதமாக ஏமாற்றிப் பார்த்தாலும் அவன் தப்பவில்லை. அவள் திருப்புளியைப் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். மழையில் நனைந்த முடி எண்ணெய் காணாமல் சிக்குப் பிடித்திருந்தது.

"பெட்டிதான்டா. பெட்டியேதான். நாசமாப்போன நான்தான் திருகி வெச்சேன்."

அவன் அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ரொம்ப நேரம். பிறகு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"நீ எதை வெச்சு அட்ஜஸ்ட் பண்ணே?"

"காதை வெச்சுத்தான். வேற எதை வெச்சுப் பண்ணுவேன்?"

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே அது கேட்டது. தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு மாதமாக இவள் அவனைப் பார்த்த அதே பார்வை.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு," என்றான். "சுவரைப் பாத்து."

"வேணாம்டா. மாமா வர்ற நேரம்."

"உக்காருக்கா."

உட்கார்ந்தாள். சுவரில் ஈரம் பூத்திருந்தது. பின்னால் அவன் திருப்புளியை எடுக்கிற சத்தம் கேட்டது. அந்த மட்டுக்கும் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லடா."

"இப்போ எனக்குக் காதைக் கிழிக்குதுக்கா. இப்போகூடவா?"

கேக்குது என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் அவன் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

"இல்ல," என்றாள்.

அவன் திருப்புளியை வைத்துவிட்டு வந்தான். டிரான்ஸ்ஃபார்மர் குவியல் பக்கம் போய், உதட்டில் விரலை வைத்து அவளைக் கூப்பிட்டான். போனில் டார்ச்சைப் போட்டு, உள்ளங்கையால் பாதி மறைத்து, ஒரு சந்துக்குள் காட்டினான். குனிந்து பார்த்தாள். ஈரச் சுவரில் பழுப்பாக ஒரு சுவர்க்கோழி. இறக்கை இரண்டையும் மேலே தூக்கியிருந்தது. இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்துகொண்டிருந்தன.

"நான் வந்ததிலேருந்து கத்திக்கிட்டிருக்கு," என்றான் காதோரம். "நீ ஒண்ணுகூடக் கத்தலன்னு சொன்னியே, அப்ப உயிரே போயிடுச்சு. இதுவும் எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சேன்."

அவள் இன்னும் குனிந்தாள். முகத்தைச் சந்துக்குள் நுழைத்தாள். இறக்கைகள் அதிர்ந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ வாயசைப்பதுபோல் இருந்தது. போன மழைக்கு இது கேட்டதே. கேட்டதா, இல்லை அதற்கு முந்தின மழைக்கா?

"இப்பவும் கத்துதா?"

"கத்துதுக்கா."

வாசலில் வேன் வந்து நின்றது. ஹாரன் அவளுக்குக் கேட்டது. கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. அவள் புருஷன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, ஒத்திகை பார்த்த சிரிப்போடு, "என்ன மச்சான், கிளம்பலாமா? கடை சாத்தறதுக்குள்ள சிப்பை வாங்கிட்டு வந்துடலாம்," என்றான்.

"சிப்பெல்லாம் நல்லாருக்கு மாமா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் ஒட்டடை.

"ஏன், என்னாச்சு? மறுபடி கேக்குதாமா?"

"இவனுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

"அந்த டாக்டரையும் பாத்துட்டே வர்றேன் மாமா," என்றான் தம்பி. "துண்டெல்லாம் மடிச்சு வெச்சிருக்காங்க அம்மா, வீணாக்க வேணாம். ஆனா மொதல்ல காது டாக்டர். அக்காவுக்கு."

"காதா? இவளுக்கா? ஊருக்கே காது பாக்கறவ இவ!"

தம்பி பெட்டியின் அடிமூடியை மூடி, பேட்டரியை உருவி, ஒயரையும் எடுத்துவிட்டுப் பைக்குள் வைத்தான். பை இருண்டிருந்தது. அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மழை, வேனின் உறுமல், கதவை இழுக்கிற தகரச் சத்தம் என்று ஒவ்வொன்றாகக் காதில் வாங்கி, இருக்கிறதா இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எல்லாம் தடித்த சத்தங்கள். மெலிசானது எது எது போயிற்றோ, போனது எப்படித் தெரியும்?

வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். உள்ளே சின்னப் பிள்ளைகளின் ஈரச் செருப்பு வாடை. ஏற முடியவில்லை.

"பயமா இருக்குடா," என்றாள்.

தம்பி அவளுக்குப் பின்னால் மழையில் நின்றுகொண்டிருந்தான். முழங்கையைத் தாங்கிப் பிடித்தான்.

"எங்க போறோம்னு சொல்லித்தானேக்கா ஏத்தறேன்," என்றான்.